கோதுமை மாவில் வீட்டுக் கேரட் கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் கேரட் கேக் சாப்பிட்டுவிட்டு அளவு எழுதிக்கொண்டு போனவர்கள், தாங்கள் செய்து பார்த்த பிறகு திரும்பக் கேட்ட கேள்விகளே இவற்றுள் பெரும்பாலானவை. ஒரே அளவைப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைப் பதில்களாக எழுதியிருக்கிறேன்.

கேக்கை ஆரோக்கியமான உணவு என்று சொல்ல முடியுமா?

கேரட் போட்டிருப்பதால் மட்டும் எந்தக் கேக்கும் காய்கறியாகிவிடாது. கீழே சொல்லும் அளவில் 200 கிராம் கேரட் சேர்கிறது. அதைப் பத்துத் துண்டு போட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 20 கிராம். ஒரு முழுக் கேரட்டைத் துருவி எலுமிச்சை பிழிந்து கோசம்பரி செய்து சாப்பிட்டால் அதைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். ஆகவே காய்கறி சாப்பிடாத பிள்ளைக்குக் கேரட்டை உள்ளே தள்ளும் வழியாக இந்தக் கேக்கை நினைக்க வேண்டாம்.

ஆனால் கேக் சாப்பிடுவது என்று முடிவான பிறகு, எந்தக் கேக் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வழக்கமான கேரட் கேக்குக் குறிப்புகளில் மாவின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ சர்க்கரை இருக்கும். எண்ணெயும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். அதன் மேல் கிரீம் வேறு. இங்கே சர்க்கரையும் எண்ணெயும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகின்றன, மைதாவின் இடத்தில் தவிட்டோடு கூடிய கோதுமை மாவு வருகிறது, கிரீம் இல்லை. என் கணக்கில் ஒரு துண்டுக்குச் சுமார் 240 கலோரி வருகிறது. சாயங்காலக் காப்பியோடு ஒரு துண்டு என்பதற்குப் பொருத்தமான அளவு அது.

முழு அளவையும் ஓரிடத்தில் சொல்ல முடியுமா?

கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பட்டைத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை ஆகியவை உலர்ந்த பொருள்கள். முட்டை 2, நாட்டுச் சர்க்கரை 110 கிராம், எண்ணெய் 90 மில்லி, புளிக்காத கெட்டித் தயிர் 80 கிராம் ஆகியவை ஈரமான பக்கம். இவற்றோடு தோல் சீவித் துருவிய கேரட் 200 கிராம், பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் 50 கிராம், ஒன்றிரண்டாக உடைத்த முந்திரியோ அக்ரூட்டோ 40 கிராம்.

கப் கணக்கைத் தவிர்த்து எடை சொல்வதற்குக் காரணம் உண்டு. கோதுமை மாவை அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராமும், தளர்வாகக் கரண்டியால் போட்டு நிரப்பினால் 120 கிராமும் வரும். அந்த 30 கிராம் வித்தியாசமே கேக் வறண்டு போவதற்குப் போதும். முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். வேறு எந்தக் கருவியையும்விட அது உதவும்.

எந்த வரிசையில் கலக்க வேண்டும்?

மின்சார அவனை (ஓவன்) 175 டிகிரி செல்சியஸில் சூடேற்றத் தொடங்கிவிட்டு, எட்டரை அங்குல ரொட்டி டின்னிலோ ஏழு அங்குல வட்ட டின்னிலோ எண்ணெய் தடவிப் பட்டர் பேப்பர் விரியுங்கள். முட்டையையும் நாட்டுச் சர்க்கரையையும் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடித்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, தயிரைச் சேர்த்து, கேரட் துருவலைப் போட்டுக் கலக்குங்கள். மாவுகளையும் பொடிகளையும் ஒன்றாகச் சலித்து அதில் கொட்டி, மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை மட்டும் கரண்டியால் மடித்துக் கலக்க வேண்டும். சல்லடையில் நிற்கும் தவிட்டைக் குப்பையில் போடாமல் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள். பழத்தையும் பருப்பையும் கடைசியில் சேர்த்து டின்னில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு அவனில் வையுங்கள். ரொட்டி டின்னுக்கு 50 முதல் 55 நிமிடம், வட்ட டின்னுக்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும். நடுவில் குத்திய குச்சியில் ஈர மாவு ஒட்டாமல், ஓரிரு துணுக்கு மட்டும் ஒட்டி வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

சப்பாத்தி மாவில் செய்தால் கேக் கல்லைப் போல் ஆகிவிடுகிறதே, ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் முதல் சில முறை மைதாவை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கோதுமை மாவைப் போட்டு, நடுவே விண்டால் உதிர்கிற, விழுங்கத் தண்ணீர் தேடவைக்கிற கேக்கைத்தான் எடுத்தேன். கோதுமை மாவு மைதாவைப் போல நடந்துகொள்ளாது என்பது பிறகுதான் புரிந்தது.

கோதுமை மாவில் தவிடு இருக்கிறது. தவிடு நீரை மெதுவாகவும் அதிகமாகவும் உறிஞ்சும். அதோடு, கல் இயந்திரத்தில் அரைக்கும்போது மாவுச்சத்துத் துகள்களில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. அப்படிச் சிதைந்த மாவுச்சத்தும் கூடுதலாகத் தண்ணீர் இழுக்கும். சப்பாத்தி மென்மையாக வருவதற்குக் காரணமாக இருக்கும் இந்தக் குணமே, நீர் போதாத கேக்கில் வறட்சியாக வெளிப்படுகிறது. எனவேதான் மேலே சொன்ன அளவில் தயிர் சேர்ந்திருக்கிறது. டின்னில் ஊற்றியபின் பதினைந்து நிமிடம் விடச் சொன்னதும் இதற்காகவே. அந்த நேரத்தில் தவிடு ஊறிவிடுவதால், வெந்த பிறகு நாக்கில் நறநறவென்று தட்டாது. பேக்கிங் பவுடரில் ஒரு பகுதி சூடு பட்ட பிறகே வேலை செய்யும் என்பதால், இந்தச் சிறு காத்திருப்பால் கேக் உப்புவது கெட்டுப்போகாது. ஆனால் அரை மணிக்கு மேல் விட வேண்டாம்.

இரண்டாவது தவறு, அதிகமாகக் கலப்பது. மாவு ஈரத்தோடு சேர்ந்த பிறகு அடிக்க அடிக்க அதிலுள்ள பசைப் புரதம் இழுபட்டு இறுகும். பரோட்டா மாவுக்கு வேண்டிய குணம் அது, கேக்குக்கு வேண்டியதன்று. மாவைச் சேர்த்த பின் மின் கலக்கியைத் தொடாதீர்கள்.

மில்லில் அரைத்த மாவு பயன்படுத்துகிறவர்கள் சற்று நைசாக அரைத்துத் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது. குடும்பத்தில் யாரும் கோதுமைக் கேக்குக்குப் பழகவில்லை என்றால், முதல் முறை பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்கி, மூன்றாம் முறைக்குள் முழுக் கோதுமைக்கு வந்துவிடலாம்.

முழுவதும் கேழ்வரகிலோ தினையிலோ செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அது வேறொரு கேக். சிறுதானியங்களில் பசைப் புரதம் இல்லாததால் மாவைப் பிடித்துவைக்க ஒன்று வேண்டும்; முட்டை இல்லாமல் முழுக் கேழ்வரகில் செய்தால் வெட்டும்போது பொடிந்து விழும். மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கு வரை சிறுதானியம் தாராளமாகத் தாங்கும். கேழ்வரகை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்துச் சேர்த்தால் பச்சை வாடை போய், பட்டையோடு அருமையாகச் சேரும். தினை சற்றுக் கசக்கும். சாமை மாவின் சுவை மிக மென்மையானது.

எந்தக் கேரட் நல்லது? துருவலைப் பிழிந்துவிட வேண்டுமா?

நீலகிரியிலிருந்து வரும் ஆரஞ்சு நிற ஊட்டி கேரட் இதற்கு மிகப் பொருத்தமானது. குளிர்காலத்தில் வரும் சிவப்பு டெல்லி கேரட் அல்வாவுக்கு இனிமையானது. கேக்கில் போட்டால் ஈரம் கூடும் என்பதால் தயிரில் ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடியது. வெந்து மென்மையாகி, கொஞ்சம் எண்ணெயோடு சேரும்போது அது உடலுக்கு எளிதில் கிடைக்கிறது. சிவப்புக் கேரட்டின் நிறம் பெரும்பாலும் தக்காளியில் உள்ள லைக்கோபீனால் வருவது.

வாங்கும்போது தடித்த, நடுத்தண்டு வெளுத்த முற்றல் கேரட்டைத் தவிர்த்து, நடுத்தர அளவில் அழுத்தமாக இருப்பதைப் பொறுக்குங்கள். கேரட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான் இருக்கிறது. கேக்கை நாலு நாள் மென்மையாக வைத்திருப்பது அந்தத் தண்ணீர். ஆகவே பிழியக் கூடாது. துருவியின் சின்னக் கண்ணில் துருவினால் கேரட் கேக்கோடு கரைந்துவிடும். பெரிய கண்ணில் துருவினால் வேகாத நார்போல் பல்லில் படும். மிக்சியில் அரைத்த விழுதைச் சேர்த்தால் கேக் களிபோலக் கெட்டியாகிவிடும். துருவி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்காமல், கலக்கத் தொடங்கும் நேரத்தில் துருவுங்கள்.

நாட்டுச் சர்க்கரை போட்டிருப்பதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாம்தானே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல விரும்புகிறேன்: நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான். மூன்றிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ். இரும்பும் பொட்டாசியமும் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதைவிட அதிகம் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு துண்டில் சேரும் 11 கிராமில் கிடைக்கும் இரும்பை நம்பி யாரும் கேக் சாப்பிட வேண்டியதில்லை. நாட்டுச் சர்க்கரை என்ற பெயரை நம்பி இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டு, மறுநாள் சோதனையில் அளவு ஏறியிருப்பதைப் பார்த்து வருந்தும் பெரியவர்களைக் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்த ஏமாற்றம் இன்னொரு வீட்டில் நேரக் கூடாது.

உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. ஐந்து சதவீதம் என்பது சராசரிப் பெரியவருக்கு ஏறக்குறைய 25 கிராம். வெல்லமும் தேனும் அந்தக் கணக்கில் அடங்கும். நீரிழிவு உள்ளவர் ஒரு மெல்லிய துண்டு சாப்பிடலாமா என்பதை, அவருடைய மருந்தையும் அளவையும் அறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏன் நாட்டுச் சர்க்கரை என்று கேட்டால், சுவைக்காக. அதிலுள்ள பாகின் மணம் பட்டையோடும் சுக்கோடும் சேர்ந்து, குறைந்த இனிப்பையும் நிறைவாகத் தோன்றச் செய்கிறது, ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. உண்மையான நன்மை அளவைக் குறைப்பதில் இருக்கிறது. 110 கிராமை 90 ஆக்கலாம். 80க்குக் கீழே இறங்கினால் மென்மையும் நிறமும் குறைந்து, இனிப்பு ரொட்டியின் பக்கம் போய்விடும்.

கருப்பட்டி பயன்படுத்துவோர் அதை மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, முழுவதும் ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். தயிரைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பேரீச்சம்பழமோ தேனோ மட்டும் போட்டுச் செய்யலாமா?

150 கிராம் பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் செய்தால் ஈரமான, கனத்த கேக் வரும். பழத்தின் எடையில் பாதிக்கு மேல் இனிப்புத்தான் என்றாலும், நார்ச்சத்தும் கூடவே வருவது அதன் சிறப்பு. தேன் அவனில் சீக்கிரம் கருகும், விலைக்கும் ஏற்றதன்று. அதைத் தோசைக்கோ பழத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய்? வெண்ணெய் சேர்க்கக் கூடாதா?

கேரட் கேக்குக்கு எண்ணெயே உரியது. வெண்ணெய் ஆறியதும் இறுகும். எண்ணெய் இறுகாது, ஆகவே குளிர்ந்த கேக்கும் மென்மையாக இருக்கும். மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் பாதுகாப்பான தேர்வு. மரச்செக்குக் கடலை எண்ணெயின் வாசம் எனக்குப் பிடிக்கும், முந்திரிக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கேக் கெட்டியாகும். அதில் நிறைவுறு கொழுப்பும் அதிகம். நல்லெண்ணெயின் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

முட்டை சேர்க்காதவர்கள் என்ன செய்வது?

ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். அது வழவழப்பாகி மாவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முட்டைக்கு இரு மடங்கு. தயிரை 120 கிராமாகக் கூட்டி, ஐந்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். உயரம் சற்றுக் குறையும், சுவை குறையாது.

அவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?

நம் வீடுகளில் கேக் வந்து சேர்ந்ததே பலருக்குக் குக்கர் வழியாகத்தான். ஆனாலும் தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் சூடாக்குவது குக்கரின் அடிப்பாகத்தைக் கெடுக்கும் என்பதால், மூடியுள்ள அடிகனமான பழைய பாத்திரத்தை இதற்கென்று ஒதுக்கச் சொல்வேன். குக்கரையே பயன்படுத்தினால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

பாத்திரத்தின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு பிரிமனையோ கம்பி வளையமோ வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு வட்ட டின்னை இறக்கி, தீயை அணைக்காமல் மிகக் குறைவாக வைத்து 50 முதல் 60 நிமிடம் வேகவிடுங்கள். முதல் 40 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. மேற்பரப்பு வெளிறியே இருக்கும். அடுப்பில் மேலிருந்து சூடு வராததே காரணம், வேகாததன்று. அந்த உப்பைச் சமையலுக்கு எடுக்காமல், அடுத்த கேக்குக்கென டப்பாவில் போட்டுவையுங்கள்.

நடுப்பகுதி அமுங்கிவிடுகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நடுப்பகுதி வேகுமுன் கதவைத் திறந்திருப்பீர்கள், பேக்கிங் பவுடர் கூடியிருக்கும், அல்லது கேரட்டை அளவுக்கு மேல் போட்டிருப்பீர்கள். பேக்கிங் பவுடர் பழசாகிவிட்டதா என்று அறிய, ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே பொங்க வேண்டும். ஓடிஜி எனப்படும் சிறிய மின் அவன்களில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. மேலே சீக்கிரம் கருத்து, உள்ளே ஈரமாக இருந்தால் 165 டிகிரிக்குக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

சூரியகாந்தி விதை போட்ட கேக்கில் மறுநாள் பச்சைப் புள்ளிகள். பூசணமா?

பெரும்பாலும் இல்லை. சூரியகாந்தி விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம், சமையல் சோடாவின் காரத்தோடு சேரும்போது பச்சையாகும். உண்பதால் கெடுதல் இல்லை. சோடாவைச் சற்றுக் குறைத்தால் நிறம் வராது. புள்ளி விதையைச் சுற்றி உள்ளே இல்லாமல் மேற்பரப்பில் பஞ்சுபோல் இருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ அது பூசணமே. முழுக் கேக்கையும் எறிந்துவிடுங்கள்.

மேலே பூசும் கிரீமுக்கு மாற்று உண்டா?

கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பதனப் பெட்டியில் ஏழெட்டு மணி நேரம் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் போன்ற பதத்தில் நிற்கும். அதில் இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையும் எலுமிச்சைத் தோல் துருவலும் கலந்து, பரிமாறும் நேரத்தில் தடவலாம். கிரீம் சீஸின் புளிப்பை ஒட்டிய சுவையே இதிலும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனில், 1940இல் சர்க்கரைப் பங்கீடு வந்த பிறகு, தாராளமாகக் கிடைத்த கேரட்டை இனிப்புக்காகச் சேர்க்கும்படி அரசே ஊக்குவித்தது. அன்றைய கேக்குகள் எளிமையானவை. சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்துக் கேரட் கேக் இன்றும் பாதாம் பொடியை நம்பி நிற்பது. கிரீம் சீஸ் பூச்சு பிற்பாடு அமெரிக்கப் பாணியோடு சேர்ந்தது. அது இல்லாவிட்டால் கேரட் கேக் ஆகாது என்று எண்ண வேண்டியதில்லை.

சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் கூடாது. இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையையே தவிர்ப்பது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முந்திரி, அக்ரூட் துண்டுகள் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு என்பதால் பொடித்துச் சேருங்கள். பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பதால், பள்ளிக்கு அனுப்பும் கேக்கில் பருப்பே போடாமல் உலர் திராட்சையோடு நிறுத்திக்கொள்வேன்.

எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

வெந்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு எடுத்துக் கம்பித் தட்டில் முழுவதும் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, அந்த ஈரத்திலேயே கெடும். மறுநாள்தான் இதன் சுவை முழுமை பெறும். மசாலா மணம் பரவி, தவிடு நன்றாக ஊறியிருக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வெளியே ஒன்றரை நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் தாங்கும். தயிர்ப் பூச்சு தடவியது என்றால் இரண்டு நாள்தான். துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் வரை இருக்கும். முந்தின இரவே ஒரு துண்டை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டால், காலையில் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் லேசாகச் சூடுகாட்டிச் சாப்பிடலாம். வீட்டில் எல்லாருக்கும் எண்ணி ஒரு துண்டு என்ற வழக்கத்தைக் காப்பதற்கும் இந்த முறை உதவுகிறது.